குளியலறைக்குள் ஓர் எஞ்சின்

ஆனி மாதம் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இனிமேல் உயிர் உள்ளவரைக்கும் வாளித் தண்ணீரில் குளிப்பதில்லை என்று போத்தனூர் அமிர்தராஜ் தீர்மானம் செய்தார். உயிர் உள்ளவரைக்கும் என்றது சும்மா பேச்சுக்கு. அந்தப் பேச்சு எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

தீர்மானத்துக்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு ஈரக் கையைத் துடைக்க நேராகத் தன் முதுகைத் தேடி வருகிறது என்பது அவர் கட்சி. மனைவி ரூத் ஒரு வாளியில் ஹீட்டர் ராடு போட்டு வைப்பாள். முதல் சொம்பு சுடும். ஐந்தாவது சொம்பு பரவாயில்லை. பத்தாவது சொம்பில் காற்று ஜெயித்துவிடும்.

அமிர்தராஜுக்கு அறுபத்தாறு வயது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அவர் பராமரித்த சிக்னலை நம்பி லட்சக்கணக்கான ஜனங்கள் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். வீட்டில் அவர் பேச்சை நம்பித் தூங்க ஆள் இல்லை. இருக்கிற ஒரே ஆள் ரூத். அவள் கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாகக் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அவள் சர்ச்சுக்குப் பாட்டு ஒத்திகைக்குப் போன ஒரு சாயங்காலம் பார்த்து, அவர் டவுனுக்குப் போய் ஒரு கேஸ் கீசரை வாங்கி வந்துவிட்டார். வெள்ளைப் பெட்டி. தண்ணீரைத் திறந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். தீராத வெந்நீர். மறுநாளே, அந்தத் தெருவுக்கெல்லாம் கேஸ் வேலை பார்க்கும் நிஜாமை வரச் சொன்னார்.

நிஜாம் வந்தான். குளியலறையைப் பார்த்தான். நாலடிக்கு ஆறடி. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். கொண்டுவந்த டிரில்லிங் மெஷினைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, இதை உள்ளே மாட்டக் கூடாது என்றான். பின்பக்கச் சுவரில், தகரக் கூரைக்கு அடியில் மாட்டிவிட்டு, குழாயை மட்டும் உள்ளே விட்டுக்கொள்ளலாம். சிலிண்டரும் அங்கேயே இருக்கும்.

கேஸ் கசிந்தால் தன் மூக்குக்குத் தெரிந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றார் அமிர்தராஜ்.

"கசிஞ்சா நாறும் சார். நான் சொல்றது கசியறது இல்லீங்க. இத்துனூண்டு ரூமுக்குள்ள எரியறப்பக் காத்துப் பத்தலைன்னா வேற ஒரு விஷவாயு உண்டாகும். அதுக்கு வாசமே கெடையாது. எந்த மூக்கை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

"வெளிய மாட்டினா எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது தெரியோணும்?"

"தீ," என்றார் அமிர்தராஜ்.

நிஜாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்படி அமிர்தராஜும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியின் முகப்பில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. உள்ளே எரிவது அதில் தெரியும். கடையில் நாலு வகைப் பெட்டி இருந்தும் அவர் இதை எடுத்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம்.

அவருடைய அப்பா சைமன், போத்தனூர் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். கரி எஞ்சின் ஓடிய காலம். ரயில்வே காலனியில் சனிக்கிழமை மத்தியானமானால் அம்மா சிறுவன் அமிர்தராஜின் கையில் ஒரு வாளியும் துண்டும் கொடுத்து ஷெட்டுக்கு அனுப்புவாள். நின்றிருக்கும் எஞ்சினிலிருந்து அப்பா குழாயைத் திறந்துவிடுவார். கொதிக்கிற தண்ணீர் சீறிக்கொண்டு வாளியில் விழும். அதில் எண்ணெய் வாசம் இருக்கும், கரி வாசம் இருக்கும். பச்சைத் தண்ணீர் கலந்து, ஷெட்டின் ஓரத்திலேயே மகனைக் குளிப்பாட்டிவிடுவார். குளித்த பிறகுதான் கூலி. ஈரத் தலையோடு எஞ்சினுக்குள் தூக்கி நிறுத்தி, ஃபயர்பாக்ஸின் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே மஞ்சளாக ஒரு உலகம் கொதித்துக்கொண்டிருக்கும். பையனின் தலை ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

அப்பா போய் நாற்பது வருஷமாகிறது. அவருடைய முகம்கூட இப்போதெல்லாம் ஃபோட்டோவில் இருக்கிற முகமாகத்தான் ஞாபகம் வந்தது. அந்த மஞ்சளை யாரும் ஃபோட்டோ எடுக்கவில்லை. அதனால் அது மட்டும் அப்படியே இருந்தது.

இதையெல்லாம் நிஜாமிடம் எப்படிச் சொல்வது? சிக்னல் பார்த்தவனுக்கு ஒரு பெட்டி மாட்டத் தெரியாதா என்று மட்டும் சொன்னார். நிஜாம் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அமிர்தராஜ் தானே சுவரைத் துளைத்து, பின்கட்டில் வைத்த சிலிண்டரிலிருந்து தானே குழாய் இழுத்து, கண்ணுக்கு நேராகப் பெட்டியை மாட்டி முடித்தார். வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. இடம்தான் தப்பு.

முதல் நாளே ஒரு சிக்கல். வென்டிலேட்டர் வழியாக வந்த காற்று தீயைத் தள்ளித் தள்ளி அணைத்தது. அமிர்தராஜ் ஏணி போட்டு ஏறி, வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினார். கதவுக்கு அடியில் இருந்த சந்துக்கு ஒரு பழைய கோணிச் சாக்கு. இனிக் காற்றுக்கு உள்ளே வேலை இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் சொர்க்கம். தினமும் காலை ஆறரை மணிக்கு உள்ளே போவார். ஆவி கட்டிக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையில் வெந்நீர் விழ விழ, கீர்த்தனை பாடிக்கொண்டே அந்த ஜன்னலைப் பார்ப்பார். வாங்கிய புதிதில் தீ நீலமாக எரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வாரம் போகப் போகக் குளியல் நீள நீள, நீலத்தின் நுனியில் மஞ்சள் தட்டியது. பிறகு முக்கால்வாசி மஞ்சளாயிற்று. பெட்டி பழகிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

கூடவே தலைவலியும் பழகியது. குளித்துவிட்டு வந்தால் நெற்றிப் பொட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கும். இட்லியைக் கண்டால் குமட்டும். முதலில் ரூத்தின் காபிமேல் பழி போட்டார். அப்புறம் மூக்குக்கண்ணாடியின் பவர்மேல். கடைசியில், தினமும் எட்டு மணிக்கு மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு உலகச் செய்தி சொல்லும் பக்கத்து வீட்டு அரங்கசாமிமேல். ஸ்பின்னிங் மில்லைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர் அரங்கசாமி. அவரைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்று அமிர்தராஜ் வீட்டில் சொன்னார்.

ரூத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனித்து வைத்தாள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தலைவலி வருவதில்லை. அன்றைக்கு முதல் ஆராதனைக்கு ஓட வேண்டுமென்பதால் அவர் ஐந்து நிமிஷத்தில் குளித்துவிடுவார். இன்னொன்று, சுருதி; குளியல் நீள நீள அவர் பாட்டு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

ரூத்தின் காது சாதாரணக் காது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், சர்ச் பாடகர் குழுவில் ஆண்கள் வரிசையில் நின்ற அமிர்தராஜ் எப்போதும் கால் சுருதி கீழேதான் பாடுவார். ஹார்மோனியத்தில் உட்கார்ந்திருந்த ரூத், அவர் பக்கம் திரும்பாமலே, அவர் பிடிக்க வேண்டிய கட்டையை மட்டும் கொஞ்சம் அழுத்திக் கொடுப்பாள். அவரும் ஏறி வந்து பிடித்துக்கொள்வார். ஒரு வருஷம் முழுக்க அப்படி அழுத்தினாள். சபையில் காதுள்ளவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துபோய், அவர் வீட்டார் பெண் கேட்டுப் போகும்படி ஆயிற்று. ஆக, எத்தனை இறங்கினால் அது அமிர்தராஜ், அதற்குமேல் எத்தனை இறங்கினால் அது வேறு ஏதோ என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்து, குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கதவோரம் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தாள். சாயங்காலம் கேட்டாள்.

"ஏனுங்க, சிக்னல்ல மஞ்சள் விளக்குன்னா என்ன அர்த்தமுங்க?"

"ஜாக்கிரதை. வேகத்தைக் கொறைச்சு, அடுத்த சிக்னல்ல நிக்கறதுக்குத் தயாரா வரோணும்."

"உங்க பெட்டி மஞ்சள் காட்டுதுங்களே."

அமிர்தராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, ரயிலுக்கு இருக்கிற சட்டம் தண்ணீருக்குக் கிடையாது என்றார். இது என்ன பதில் என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

தெர்மாகோலை எடுத்துவிடச் சொன்னாள். மாட்டேன் என்றார். பெட்டியை வெளியே மாற்றச் சொன்னாள். அதற்கும் மாட்டேன். சரி, அப்படியானால் இரண்டு நிபந்தனை என்றாள் ரூத். கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. குளித்து முடிக்கிறவரைக்கும் பாட்டை நிறுத்தவும் கூடாது. பாட்டு நின்றால் உள்ளே வந்துவிடுவேன்.

அமிர்தராஜுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பாட்டை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இதைவிட நல்ல ஒப்பந்தம் உலகத்தில் உண்டா என்று உடனே ஒப்புக்கொண்டார்.

ஆனால் நிறுத்தாமல் பாடுவது எத்தனை கஷ்டம் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது வாயைத் திறந்தால் சோப்பு. மூடினால் ரூத். ஒரு நாள் அடுத்த அடி மறந்துபோய் அரை நிமிஷம் யோசித்தார். அதற்குள் கதவு திறந்து, கையில் தோசைக் கரண்டியோடு ரூத் நின்றாள். அடுத்த சரணத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அரங்கசாமியின் மனைவி பங்காரம்மா, இந்த வீட்டில் காலை ஜெபம் இவ்வளவு சத்தமாக நடக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டாராம்.

ஆடி பிறந்து பத்தாம் நாள் அது நடந்தது.

வெளியே சாரலும் காற்றும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அமிர்தராஜ் அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டார். முதல் சரணம் சரியாகப் போயிற்று. இரண்டாவது இழுத்தது. மூன்றாவதில் ஒரே அடி நாலு தடவை வந்தது. ரூத் சமையலறையில் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றால் வருவேன் என்பதுதான் ஒப்பந்தம். பாட்டு நிற்கவில்லை. ஆனால் அதைப் பாடுவது அமிர்தராஜ் இல்லை என்று அவள் காது சொன்னது.

அவள் குளியலறைப் பக்கம் ஓடவில்லை. முதலில் பின்கட்டுக்கு ஓடி சிலிண்டரை மூடினாள். அங்கிருந்தே மதிலுக்கு மேலாக அரங்கசாமியைக் கூப்பிட்டாள். அப்புறம்தான் வந்து கதவைத் தள்ளினாள்.

உள்ளே அமிர்தராஜ் ஸ்டூலில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தலைவலிகூட எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ வலிப்பதுபோல இருந்தது. ஜன்னலில் மஞ்சள் ஆடியது. கரி வாசம் வந்தது. பக்கத்தில் அப்பா நிற்கிறார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கலாம், அவசரமில்லை என்று நினைத்தார். அப்போதுதான் தீ பொக்கென்று அணைந்து, தலைமேல் பச்சைத் தண்ணீர் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ரூத்தும் அரங்கசாமியுமாக அவரை ஒரு துண்டில் சுற்றிப் பின்கட்டுக்கு இழுத்துவந்தார்கள். துவைக்கிற கல்லில் உட்கார வைத்தார்கள். வாந்தி எடுத்தார். எந்தக் காற்றை உள்ளே வராதே என்று டேப் ஒட்டி அடைத்தாரோ அந்தக் காற்று முகத்தில் அறைந்தது. அறைய அறைய அவருக்கு நிதானம் வந்தது. அரங்கசாமி காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மாஸ்க் வைத்து, சாயங்காலம்வரைக்கும் ஆக்ஸிஜன் ஏற்றினார்கள். ஹாரிகா என்ற சின்ன வயது டாக்டர். குளியலறை எத்தனை அடி, ஜன்னல் உண்டா, எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அதுக்குப் பேரு கார்பன் மோனாக்சைடுங்க சார். உங்க ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்காரவேண்டிய சீட்டுல இது முன்னாடியே துண்டு போட்டு உக்காந்துக்கும். அப்புறம் ஆக்ஸிஜன் ஏறினாலும் எடமில்லை. வலிக்காது, மூச்சு முட்டாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தா, அம்மா உங்களை இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க."

சிலருக்குச் சில நாள் கழித்தும் மயக்கமோ மறதியோ வரலாம், ஒரு வாரத்துக்கு இவரைத் தனியாக விடாதீர்கள் என்று ரூத்திடம் தனியாகவும் சொன்னார். மாஸ்க்குக்குள் இருந்தாலும் அமிர்தராஜின் காதில் அதுவும் விழுந்தது.

காரில் திரும்பும்போது ரூத் அழவுமில்லை, திட்டவுமில்லை. போத்தனூர் பாலம் தாண்டும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கண்ணாடி ஜன்னல்ல உங்க அப்பாவைத்தான் பாத்துட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. எஞ்சின்ல மாமா நின்ன எடத்துக்குக் கதவு இருந்துச்சுங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பழைய அமிர்தராஜ் திரும்ப வந்துவிட்டார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பிரஷர் என்றார். வெறும் வயிறு என்றார். பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. சிலிண்டரில் இருந்த ரெகுலேட்டரை ரூத் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டாள். பெட்டி பின்பக்கச் சுவருக்குப் போனால் ரெகுலேட்டர் திரும்பி வரும் என்றாள். மனைவி சொல்லிப் பெட்டி நகர்ந்ததாகச் சரித்திரம் இருக்கக் கூடாது என்று அமிர்தராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தார். அவர் மாட்டினது மாட்டினதுதான். ரூத் வெந்நீர் போட்டுத் தந்த வாளியையும் தொடவில்லை.

அப்படியே மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது, காரமடையில் அக்காவுக்கு மூட்டு வலி அதிகமாக இருக்கிறதாம், காலையில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள் ரூத்.

அமிர்தராஜின் மனசுக்குள் பச்சை விளக்கு எரிந்தது. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டு, போய்த்தானே ஆக வேண்டும் என்றார். டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. ரூத்தே அதை மறந்துவிட்டாள் என்றால், தான் முழுக்கத் தேறிவிட்டதாகத்தானே அர்த்தம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் பச்சை விளக்குக்குக் காரணம் இதுதான். அந்த மூன்று நாளும் அவர் தூங்கவில்லை. எஞ்சினுக்குக் கதவு இருந்ததா என்ற கேள்வி அவரை விடவில்லை. இல்லை. அப்பா நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் பாதிச் சுவர்தான். பின்னால் திறந்த வெளி. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். மழை வந்தால் அப்பா நனைந்துகொண்டேதான் கரி அள்ளிப் போடுவார். அந்த நெருப்பை அவர் ஒரு நாளும் மூடின அறைக்குள் வைத்துப் பார்த்ததில்லை. மகன்தான் அதைத் தெர்மாகோல் வைத்து அடைத்தான். பெட்டியை வெளியே மாற்றிவிடுவது என்று இரண்டாம் நாளே அவர் முடிவு செய்துவிட்டார். செய்வதை ரூத் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்தவன் யோசித்துத் தானாக எடுத்த முடிவு என்று அது இருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ரூத் பையோடு கிளம்பினாள். ஏழே காலுக்கு அமிர்தராஜ் நிஜாமுக்கு ஃபோன் செய்தார். எட்டு மணிக்கு நிஜாம் வந்து நின்றான். கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருகிறவன் அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் வந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சரியான அளவில் வெட்டின குழாய், வளைவுகள், சுவரில் பதிக்கிற இரும்புப் பட்டை எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தான்.

"அளவே எடுக்கலையே, எப்படி வெட்டினே?"

நிஜாம் தலையைச் சொறிந்தான். "அம்மா போன மாசமே டேப்பு வெச்சு அளந்து குடுத்துட்டாங்க சார். நீங்களாக் கூப்பிடறவரைக்கும் வரவேண்டாம்னாங்க. நேத்து ஃபோன் பண்ணி, நாளைக்குக் காலைல வேற வேலை ஒத்துக்காதேன்னு சொன்னாங்க." சொல்லிவிட்டுப் பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

அமிர்தராஜ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, நீ வந்ததையும் சொன்னதையும் அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்று நிஜாமும் வாக்குக் கொடுத்தான். அவன் பிழைப்பு வாக்குக் கொடுப்பதில்தான் ஓடுகிறது.

மத்தியானத்துக்குள் பெட்டி பின்பக்கச் சுவருக்குப் போய்விட்டது. குளியலறைத் தெர்மாகோலை அமிர்தராஜே ஏறிப் பிய்த்து எடுத்தார். நிஜாம் உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்தான். பெட்டிக்கு மூன்று பக்கமும் தட்டி வைத்துக் காற்றை மட்டுப்படுத்தியிருந்ததால், தீ நின்று எரிந்தது. அமிர்தராஜ் தகரக் கூரைக்கு அடியில், சாரல் தெறிக்க, குனிந்து ஜன்னலில் பார்த்தார். சுத்தமான நீலம். அப்பாவின் நிறம் இல்லை. தண்ணீரை மூடச் சொல்ல மனசு வராமல் ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளேயிருந்து நிஜாம் மூன்று தடவை கேட்ட பிறகுதான் போதும் என்றார்.

அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அரங்கசாமி அவரை விடவே இல்லை. எட்டு மணிக்குப் பேப்பர் கேட்டு வந்தார். ஒன்பது மணிக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பத்துக்கு ஸ்க்ரூ டிரைவர். பதினொன்றுக்கு ஏணி. வந்தவர் ஒவ்வொரு தடவையும், தலை வலிக்குதுங்களா, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். ராத்திரி, தன் அறையில் ஃபேன் ஓடவில்லை என்று பாயோடு வந்து ஹாலில் படுத்துக்கொண்டார். ஆடிக் காற்றில் போத்தனூரே போர்வைக்குள் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்கு ஃபேன் என்று அமிர்தராஜ் நினைத்தார். பாவம், வயசாகிவிட்டது, பொழுது போகவில்லை என்று விட்டுவிட்டார்.

மூன்று வேளையும் அங்கிருந்து டிபன் கேரியரில் சாப்பாடும் வந்தது. பங்காரம்மா கொடுத்தனுப்பினதாக அரங்கசாமி சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ரூத் திரும்பி வந்தாள். கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை. அக்கா தோட்டத்தில் பறித்தது என்றாள். காரமடை மண்ணில் விளைந்தால் அந்த வாசமே தனி என்று அமிர்தராஜ் மோந்து பார்த்துச் சொன்னார். பிறகு, பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், பெட்டியைக் காட்டினார். ஆற அமர யோசித்ததில் தண்ணீரின் அழுத்தத்துக்கு இந்த இடம்தான் பொருத்தம் என்று தெரிந்தது, இதில் யார் சொல்லியும் இல்லை, தானாகத் தோன்றியது என்று விளக்கினார்.

ரூத் பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்குத் தெரியாததாங்க," என்றாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. அமிர்தராஜ் அதிலேயே பாதி ஜெயித்துவிட்ட மாதிரி உணர்ந்தார். மீதிப் பாதியையும் ஜெயித்துவிடலாம் என்று, சமையலறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதே அம்மணி. நீயும் முப்பத்தெட்டு வருஷமா அரிசிம்பருப்புச் சாதம் செய்யறே. நேத்து மத்தியானம் பங்காரம்மா குடுத்தனுப்புனாங்க பாரு, அது சாதம். அந்தக் கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துறாது. ஒரு நாள் போய்க் கேட்டுக் கத்துக்க."

"கத்துக்கறனுங்க," என்றாள் ரூத்.

அப்போது பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. பங்காரம்மா நின்றிருந்தார். கையில் ரூத்தின் மூக்குக்கண்ணாடிக் கூடு.

"ரூத் அம்மணி, இதை எங்க ஊட்டுக் கட்டில்லயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்க. ரெண்டு நாளாப் பேச்சுத் துணைக்கு இருந்தீங்க, இப்ப ஊடே வெறிச்சோடிப் போச்சு."

அமிர்தராஜ் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார். கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

ரூத் தலையை நிமிர்த்தவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "டாக்டர் ஒரு வாரம்னு சொன்னாங்கல்லங்க. உங்களைத் தனியா விட்டுப்போட்டு நான் எப்படிக் காரமடை போறது? நான் இருந்தா நீங்க நிஜாமைக் கூப்பிட மாட்டீங்க."

கிளம்பப் போன பங்காரம்மா வாசலில் நின்று திரும்பினார்.

"அப்புறம் அம்மணி, நேத்து நீங்க வெச்ச அரிசிம்பருப்புச் சாதத்துக்கு என்ன தாளிச்சீங்கன்னு சொல்லிப்போடுங்க. எங்க ஊட்டுக்காரரு, நாப்பது வருஷமா நான் செஞ்சு ஒரு நாளும் இப்படி வரலைங்கறாரு."